ஐயாவின் ஜக்கெற்றும் ஓர் எண்ணெய் முழுக்கும்

லண்டனிலிருந்து ரொறன்ரோவுக்குப் போகிற எங்கள் ஆட்கள் கூறைச்சீலை கொண்டு போவார்கள், அல்லது அதைக் கட்டப்போகிற பெண்ணையே கொண்டு போவார்கள். நான் கொண்டு போனது ஒரு சாவுச் செய்தி. அதுவும் இரண்டு மாதம் பழையது.

ஐயா செத்துப்போனார். ஐயா என்றால் எங்கள் தகப்பன். எனக்கும் என் தங்கை வசந்திக்கும் ஊரில் மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவரும் வன்னிக்குப் போனார். அங்கே ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தவருக்குக் காய்ச்சல் வந்து நாலாம் நாள் முடிந்துவிட்டது. பக்கத்துப் பாயில் படுத்திருந்த மனிதர் எழுதிய கடிதம் பல கை மாறிக் கொழும்புக்கு வந்து, லண்டனில் என் கதவுக்குள் விழ ஆறு கிழமை எடுத்தது. "அன்றைக்கே தகனம் செய்தோம். எண்ணெய் அரப்பு வைத்து முழுகவைக்க வசதி இருக்கவில்லை. மன்னிக்கவும்" என்று கடைசியில் எழுதியிருந்தார். முன்பின் தெரியாத மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

சாவுச் செய்தி கேட்டால் உடனே தலை முழுகவேண்டும். அது எங்கள் முறை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன். சுடுதண்ணீருக்கு மீற்றரில் போட்ட காசு தீர்ந்து, பச்சைத் தண்ணீர்தான் வந்தது. அழுவதற்கு முதல் நடுங்கத் தொடங்கிவிட்டேன்.

பிறகு ரொறன்ரோவுக்குப் போன் எடுத்தேன். வசந்தி வேலைக்குப் போயிருந்தாள். அவள் புருஷன் செல்வன்தான் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, அவவுக்குப் போனில சொல்லாதேங்கோ. நீங்கள் வந்து சொல்லுங்கோ. என்னால ஏலாது."

"நான் லீவு எடுத்து வர ரெண்டு கிழமையாவது செல்லும், தம்பி."

"செல்லட்டும். ஐயாவைக் கூப்பிட இப்பதான் ஸ்பொன்சர் பேப்பர் நிரப்பிக்கொண்டு இருக்கிறா."

நானும் சம்மதித்தேன். அந்த இரண்டு கிழமையும் எனக்கு வேண்டியிருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அவளுக்குச் சொல்லும்வரை மச்சம் தொடுவதில்லை என்று மட்டும் முடிவெடுத்தேன். மீனையும் இறைச்சியையும் விட்டுவிட்டால் நான் ஒழுங்காக நடந்துகொள்கிறேன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

வியாழக்கிழமை பின்னேரம் போய் இறங்கினேன். செல்வன் காருடன் வந்திருந்தான். நல்ல பொடியன், ஆனால் பயந்தவன். லண்டன் ரோட்டுக்கள் யாருக்கோ வெட்கப்பட்டதுபோல வளைந்து வளைந்து போகும். இங்கே எல்லாம் அடிமட்டம் வைத்துக் கீறியவை. இரண்டு பக்கமும் ஊத்தைப் பனி குவிந்து கிடந்தது. படங்களில் பார்த்த வெள்ளைப் பனி வேறெங்கோ விழுகிறது போலும்.

"முதல்ல அவ சாப்பிடட்டும், அக்கா," என்றான் செல்வன். "வெறும் வயித்தில சொல்லக் கூடாது."

இதுவும் எங்கள் முறைதான். சாவுச் செய்தி கொண்டு வருகிறவன், கேட்கவேண்டியவர் சாப்பிட்டாரா என்று முதலில் பார்ப்பான். கேட்டபிறகு அன்று முழுக்க அவர் வாயில் ஒன்றும் வைக்கமாட்டார். அதனால் ஒரு நேரச் சாப்பாடாவது உள்ளே போகட்டும் என்ற இரக்கம். செல்வன் சொன்னது எனக்கு மிக நியாயமாகப் பட்டது.

அவர்கள் வீடு ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கம், ஓர் உயர்ந்த கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில். லிஃப்ற்றில் இருந்து இறங்கினால் எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன சமையல் என்று சொல்லிவிடலாம். வசந்தி என்னைக் கட்டிப்பிடித்து, "மெலிஞ்சிட்டியள் அக்கா" என்றாள். ஆறு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். நெற்றியோரம் நரை விழுந்திருந்தது. நகரத்து அலுவலகக் கட்டடங்களில் கிளீனிங் வேலை. கை இரண்டும் ஐம்பது வயதுக் கைகள், அவளுக்கு முப்பத்தாறுதான்.

செல்வன் நண்டுக் கறி வைத்திருந்தான். பாவ உணர்ச்சியில் சமைக்கிறவர்கள் உறைப்பைக் கூட்டிப்போடுவார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். வசந்தி எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் குசினியில் நின்றபடி சாப்பிட்டாள்.

"நீங்கள் ஏன் அக்கா நண்டு தொடேல்ல?"

"விரதமடி."

"என்ன விரதம் வியாழக்கிழமை?"

நேர்த்திக்கடன் என்று சொல்லித் தப்பினேன். அவள் நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சினாள். நான் செல்வனைப் பார்த்தேன். செல்வன் கறிச்சட்டியைப் பார்த்தான். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே, "ஐயா வந்தா உந்த நண்டையெல்லாம் விட வேணும். அவருக்கு உடம்பு கடிக்கும்" என்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்று பாயை விரித்தேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை பின்னேரம்தான். காலையில் என்னை பஸ்ஸில் அஜின்கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்காரன் ஒரு கடதாசித் துண்டைக் கிழித்துத் தந்தான். அதைக் காட்டினால் அடுத்த பஸ்ஸிலும் ஏறலாமாம். "ஐயாவுக்கு உதுதான் பிடிக்கும். ஒரு துண்டோட ஊர் சுத்துவார்" என்றாள். அவள் எதைப் பார்த்தாலும் ஐயாவில்தான் போய் முடிந்தது.

தமிழ்க் கடையில் அவள் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லாவில் இருந்த அன்ரி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "நீங்கள்தானே லண்டன் அக்கா? சொல்லியாச்சோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் இல்லை."

"நாங்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறம், பிள்ளை. எத்தனை நாளைக்கு?"

செல்வன் ஒருவருக்குச் சொன்னால் ஒருவரோடு நிற்குமா? ஸ்காபரோ முழுக்கத் தெரிந்த செய்தி, தெரியவேண்டியவளுக்கு மட்டும் தெரியாது. அவள் முருங்கைக்காயோடு வர, அன்ரி சிரித்து விலை சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது. என் முகத்திலும் அதே சிரிப்புத்தானே என்று பிறகு நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஐயாவுக்கென்று ஒதுக்கிய அறையைக் காட்டினாள். ஒரு கட்டில், ஒரு ஹீற்றர், தலைமாட்டில் ஒரு ரேடியோ. அலுமாரியில் சாம்பல் நிறக் குளிர் ஜக்கெற் ஒன்று தொங்கியது. அதன் கைக்குள் விலை அட்டை அப்படியே இருந்தது.

"சைஸ் சரியோ தெரியேல்ல. அட்டையைக் கழட்டாட்டி எப்பவும் குடுத்து மாத்தலாம்," என்றாள். அதன் பொக்கற்றுக்குள் ஒரு சோடி கையுறையும் சப்வே ரோக்கன் இரண்டும் கிடந்தன. முதல்நாள் ஊர் பார்க்கப் போக.

அதற்குப் பிறகு ஒரு கடித உறையை எடுத்தாள். அவள் வேலை செய்கிற கொம்பனியின் கிறிஸ்மஸ் விருந்தில் சீட்டிழுத்து விழுந்த பரிசு. நகரத்துக்கு வடக்கே, நாட்டுப்புறத்தில் உள்ள ஒரு பெரிய மாளிகை ஹொட்டேலில் இரண்டு பேருக்கு ஒரு நாள் ஸ்பா. அந்தச் சொல்லை நான் லண்டன் கடைகளில் தொங்கும் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறேன், விளங்கியதில்லை.

"எண்ணெய் தேச்சு உடம்பு பிடிச்சு விடுவினம். மத்தியானம் சாப்பாடும் இருக்காம். இவர் வரமாட்டன் எண்டிட்டார். நீங்கள் வருவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். நாளைக்குப் போவம்."

ஐந்து வருடமாக மற்றவர்களின் கக்கூசு கழுவுகிறவளுக்கு ஒரு நாள் கிடைத்திருக்கிறது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்பா முடியட்டும், அந்த மத்தியானச் சாப்பாடும் உள்ளே போகட்டும், வரும் வழியில் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். செல்வனும் தலையாட்டினான். அவன் எதற்கும் தலையாட்டுவான்.

சனிக்கிழமை காலை குளிர் தோலை உரித்தது. என் லண்டன் கோட்டை வசந்தி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இது இங்க மூக்குத் துடைக்கிற கைலேஞ்சிக்குத்தான் காணும். ஐயாவின்ர ஜக்கெற்றைப் போடுங்கோ. ஒரு நாள் போட்டாத் தேயாது." மாட்டேன் என்றேன். விடவில்லை. அட்டையைக் கைக்குள் செருகிவிட்டு, சிப்பையும் இழுத்துவிட்டாள். ஐயாவைவிட அது பெரிது. கடைசியாக அவரைப் பார்த்தபோது அவர் என் தோளளவுக்குத்தான் இருந்தார். அந்த அட்டை வழிமுழுக்க என் மணிக்கட்டைச் சுரண்டிக்கொண்டு வந்தது.

வசந்தி கார் ஓட்டினாள். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்தானாம். அவள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. பாரமில்லாத வயிற்றோடு வரும்படி உறையில் எழுதியிருந்ததாம். பெருந்தெருவை விட்டு ஒரு சின்ன ரோட்டில் திரும்பியதும் கார் வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கைப் பனிக்குள் குத்திக்கொண்டு நின்றது. நான் இறங்கித் தள்ளினேன். முழங்கால்வரை புதைந்ததுதான் மிச்சம்.

அரை மணி நேரம் கழித்து ஒரு விவசாயி தன் ட்ரக்கில் வந்து சங்கிலி போட்டு இழுத்துவிட்டார். சிவந்த முகத்துக் கிழவர். அதிகம் பேசவில்லை. போகும்போது என் கையைப் பார்த்தார். அட்டை வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. "இதைக் கழற்ற மறந்துவிட்டீர்கள்" என்று சொல்லிப் பொக்கற்றிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தார்.

"நோ, நோ," என்று வசந்தி ஓடிவந்து அவர் கையை மறித்தாள். "அது எங்கள் அப்பாவுடையது. அவர் வந்து போட்டுப் பார்க்கவேண்டும்." கிழவர் கத்தியை மடித்துவிட்டு, அப்பாவுக்குக் கனடாவுக்கு நல்வரவு சொல்லும்படி சொன்னார். வசந்தி நன்றி சொன்னாள். நான் பனியைத் தட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்த மாளிகை யாரோ பழைய பணக்காரன் கட்டிய கல்வீடு. வாசலில் நெருப்பு எரிந்தது. அதற்கு மேலே செத்த மானின் தலை. வரவேற்பில் இருந்த பெண் என் ஆம்பிளை ஜக்கெற்றையும் நனைந்த காலையும் பார்த்துவிட்டு, அதையெல்லாம் காணாதமாதிரிச் சிரித்தாள். எங்களுக்கு வெள்ளை அங்கியும் செருப்பும் தந்தார்கள். இங்கே மெதுவாகத்தான் பேசவேண்டுமாம். கூரையிலிருந்து புல்லாங்குழல் மாதிரி ஒன்று ஓயாமல் கேட்டது. சலாட்டுக்குப் போடவேண்டிய வெள்ளரிக்காயைத் தண்ணீருக்குள் போட்டுக் குடிக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்களில் ஒருத்தி, மகளின் கல்யாணத்துக்கு வந்த கைத்துடைப்புத் துணியின் நிறம் சரியில்லை, பிள்ளை நாள் முழுக்க அழுதது என்று சொன்னாள். மற்றவள் அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். எனக்கு எரிச்சல் வந்தது. அழக் கிடைத்தவர்கள் அழுகிறார்கள் என்று ஒரு பொறாமையும் வந்தது.

பிறகு இரண்டு கட்டில் போட்ட ஓர் அறை. எண்ணெய் வைக்க வந்தவள் போலந்துக்காரி, பெயர் டனூட்டா. பருத்த கை, களைத்த கண். வசந்தியை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துவரை வெள்ளைத் துணியால் மூடினாள். இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்தாள். ஒரு கிண்ணத்திலிருந்து எண்ணெயைத் தொட்டு அவள் தலையில் வைத்தாள்.

நான் அடுத்த கட்டிலில் சாய்ந்திருந்து பார்த்தேன். எங்கள் ஊரில் பிரேதத்தைக் கடைசியாக முழுகவைக்கும்போது இப்படித்தான் செய்வார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து எண்ணெயும் அரப்பும் தலையில் வைப்பார்கள். அம்மாவுக்கு நானும் வசந்தியும் வைத்தோம். ஐயாவுக்கு ஒருவரும் வைக்கவில்லை. என் தங்கை கண்ணில் பஞ்சோடு, கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு கிடந்தாள். எழும்பு என்று கத்தவேண்டும் போல இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அக்கா, நித்திரையோ?" என்றாள் வசந்தி. "ஐயாவையும் ஒருக்கா இங்க கூட்டிக்கொண்டு வரவேணும். வெக்கப்படுவார் என்ன?"

என் முறை வந்தபோது தலையிடி என்று சொல்லி மறுத்துவிட்டேன். டனூட்டா தோளைக் குலுக்கினாள். வசந்தியின் தலையை ஒரு துவாயால் சுற்றிக் கட்டி, "நாளைவரை கழுவவேண்டாம். எண்ணெய் ஊறவேண்டும்" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சாப்பாட்டு அறைக்குப் போகிற வழியில் ஒரு தட்டு முழுக்கப் போத்தல்கள் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். வசந்தி நின்றுவிட்டாள். ஒரு சின்னப் போத்தலை எடுத்து மணந்து பார்த்தாள். டனூட்டாவைக் கூப்பிட்டு, முழங்கால் வாதத்துக்கு இது கேட்குமா என்று கேட்டாள். கேட்கும் என்றாள் டனூட்டா. விலை அவளுடைய இரண்டு நாள் சம்பளத்துக்குக் கிட்ட வரும்.

"வாங்காதை," என்றேன்.

"ஐயாவின்ர முழங்காலுக்கு அக்கா. இங்கத்தைக் குளிருக்கு அவருக்கு—"

"ஐயாவுக்கு இனி வேண்டாமடி."

நான் யோசித்துச் சொல்லவில்லை. அவள் சாப்பிட்டிருக்கவுமில்லை. இரண்டு கிழமையாகப் பொத்திப் பொத்தி வைத்தது ஒரு போத்தல் எண்ணெயில் வந்து கொட்டிவிட்டது. வசந்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போத்தலை எடுத்த இடத்திலேயே, மற்றப் போத்தல்களுக்கு நேராக வைத்தாள். திரும்பி நடந்தாள்.

நான் பின்னால் போனபோது அவள் ஷவருக்குக் கீழே நின்றாள். அங்கி, செருப்பு எல்லாம் அப்படியே. துவாய் அவிழ்ந்து காலடியில் கிடந்தது. தண்ணீரைக் குளிர்ப் பக்கம் திருப்பிவிட்டிருந்தாள்.

"எப்ப?"

சொன்னேன். காய்ச்சலையும் பள்ளிக்கூடத்தையும் கடிதத்தையும் சொன்னேன். கடைசி வரியையும் மறைக்கவில்லை.

"அப்ப முப்பத்தொண்டாம் நாளும் முடிஞ்சுது."

"ஓம்."

"இவருக்கு?"

"நான் போன் எடுத்த நாளே தெரியும்."

அவள் விரலை மடித்து நாட்களை எண்ணினாள். "அந்த ஞாயிறு ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் போனனாங்கள். அந்தப் பிள்ளைக்கு நான் ஆலாத்தி எடுத்தனான், அக்கா. தேப்பன் செத்ததுக்குத் தலை முழுகாமல். இவர்தான் காரில ஏத்திக்கொண்டு போனவர்."

"வெறும் வயித்தில சொல்லக் கூடாதெண்டுதான்," என்று தொடங்கினேன்.

"எத்தனை நேரச் சாப்பாடு அக்கா? நீங்கள் மச்சம் விட்டிட்டியள். நான் உங்களுக்கு முன்னால நிண்டு நண்டு திண்டனான். பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் செய்தது இரக்கம் இல்லை, கோழைத்தனம். அதை அந்தப் பளிங்குச் சுவருக்குள் நின்று முதன்முதலாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் பிறகுதான் அழுதாள். நானும் தண்ணீருக்குள் போய் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் கரைந்து இரண்டு பேரின் கால்வழியாகவும் ஓடியது.

சத்தம் கேட்டு டனூட்டா வந்தாள். "கழுவவேண்டாம் என்றேனே" என்றாள். எங்கள் அப்பா இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எப்போது என்று கேட்டாள். இரண்டு மாதம் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஷவரை மூடி, துவாய் கொண்டுவந்து, வசந்தியை ஒரு நீள மர வாங்கில் இருத்தினாள். பிறகு போய் அந்தப் புல்லாங்குழலை நிறுத்தினாள். அந்த இடத்துக்குள் நுழைந்தபிறகு முதல் தடவையாக அமைதியாக இருந்தது.

சாப்பாட்டு அறைக்கு நாங்கள் போகவில்லை. உடுப்பு மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். தலையைக் காயவைக்கும்படி டனூட்டா கெஞ்சினாள். வசந்தி கேட்கவில்லை. வெளியே அந்தக் குளிர், அவள் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஐயாவின் ஜக்கெற்றைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். என்னைத் திட்டி எறிந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் வாங்கினாள். கைக்குள் விரலை விட்டு அட்டையை வெளியே இழுத்தாள். பிளாஸ்ரிக் நூல் அறவில்லை. பல்லில் வைத்துக் கடித்து அறுத்தாள். வரவேற்புப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிக் குடுத்து மாத்தேலாது, அக்கா," என்றாள்.

அட்டையை என் கையில் வைத்துவிட்டு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டாள். கை நீளம் அவள் விரல்களை மூடியது. தொப்பியை ஈரத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் காருக்கு நடந்தாள்.